கான்சான் தவிர வேறு எந்தச் செர்ரி? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வீட்டு முன்புறம் ஒரே ஒரு மரத்துக்கு இடம் இருக்கிறது. நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண், எல்லாம் சரி, அகலம்தான் 5 மீட்டரைத் தாண்டாது. ஒரு பக்கம் நடைபாதை, இன்னொரு பக்கம் சன்னல். பூக்கிற செர்ரிதான் வைக்க வேண்டும் என்பதில் வீட்டில் எல்லோரும் ஒரே கட்சி, எந்தச் செர்ரி என்பதில் ஆளுக்கொரு கட்சி. தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கான்சான். அதன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது, அடுக்கடுக்காக ரோஸ் நிறத்தில் கொத்தாகத் தொங்கும்போது நின்று பார்க்காமல் யாராலும் போக முடியாதுதான். ஆனால் எல்லா வாசலிலும் அதுவே நிற்கும்போது நானும் ஒன்று கொண்டுவந்து வைப்பதில் என்ன இருக்கிறது?

தயவுசெய்து பெயர்ப் பட்டியல் போடாதீர்கள், அதை நானே எடுத்துவிட்டேன், படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது. நர்சரி அட்டையில் இருக்கும் படமும் வேண்டாம். நீங்கள் எதிரே நின்று பார்த்த, வளர்ந்த மரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். பூ இல்லாதபோது அது எப்படி இருந்தது என்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

* * *

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சொல்லப்போகிற மரம் உங்கள் 5 மீட்டரில் அடங்காது. 8 மீட்டர் உயரம் போகும், அகலம் அதற்குக் குறையாது. நேரில் பார்த்ததைக் கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

தைஹாக்கு. ஒரு பழைய தோட்டத்தில் தூரத்திலிருந்து வெள்ளையாகத் தெரிந்தது, சரி இன்னொரு வெள்ளைச் செர்ரி என்றுதான் நடந்து போனேன். கிளை தாழ்வாக இருந்ததால் ஒரு பூவை அப்படியே உள்ளங்கையில் வைத்துப் பார்க்க முடிந்தது. ஒற்றைப் பூ, ஐந்தே இதழ், ஆனால் அகலம் 6 சென்டிமீட்டர் இருக்கும், விரல்களின் அடிப்பாகம் வரை மூடிவிட்டது. இதழ்கள் ஓரத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, அதனால் இடைவெளி இல்லாமல் வட்டமாகத் தெரிகிறது. அதே நேரத்தில் தளிரும் வருகிறது, செம்பு நிறத்தில். வெறும் வெள்ளையாக மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு நேரம் அங்கே நின்றிருக்க மாட்டேன், அந்தத் தளிர்தான் பூவைத் தூக்கிக் காட்டுகிறது. நர்சரிப் படங்களில் பூவை மட்டும் வெட்டிப் போடுவார்கள், தளிரின் நிறம் அதில் வருவதே இல்லை.

அப்புறம் இந்த மரத்தின் கதை. இங்கிலாந்தில் காலிங்வுட் இங்க்ரம் என்று ஒருவர் இருந்தார், 1880-இல் பிறந்து நூறு வயதைத் தொட்டவர், ஆரம்பத்தில் பறவைக் கிறுக்கு, அப்புறம் செர்ரிக் கிறுக்கு. 1923-இல் சஸ்ஸெக்ஸில் ஒரு தோட்டத்தில் சாகக் கிடந்த ஒரு வெள்ளைச் செர்ரியைப் பார்த்து, அதிலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்து வந்து வளர்த்தார். 1926-இல் ஜப்பானுக்குப் போனபோது அங்கே ஒரு செர்ரி அறிஞர் பழைய ஓவியம் ஒன்றை விரித்துக் காட்டி, இந்தப் பூ இப்போது எங்குமே இல்லை, அழிந்துவிட்டது என்றாராம். இங்க்ரமுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, தன் தோட்டத்தில் இருப்பது இதுதான் என்று. ஜப்பானுக்குத் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கப்பலில் போன குச்சிகள் வழியிலேயே செத்தன, கடைசியில் உருளைக்கிழங்கில் செருகி சைபீரிய ரயிலில் அனுப்பியபோதுதான் உயிரோடு போய்ச் சேர்ந்தன, 1932-இல். இன்று நிற்கும் தைஹாக்கு எல்லாம் அந்தச் சாகக் கிடந்த மரத்தின் வழி வந்தவை. இங்கிலாந்தின் ஆல்ன்விக் தோட்டத்தில் 300-க்கும் மேற்பட்ட தைஹாக்கு மரங்களை ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

பூ இல்லாதபோது? இலையுதிர் காலத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறும், அது நன்றாகவே இருக்கும். மற்றபடி கோடையில் ஒரு பெரிய பச்சை மரம், அவ்வளவுதான், பொய் சொல்ல மாட்டேன்.

* * *

பூவைத் தேடி வந்தவரிடம் பட்டையைப் பற்றிப் பேசினால் கோபப்படக் கூடாது. நீங்கள் பூ இல்லாத மாதங்களையும் கேட்டதால் சொல்கிறேன், புரூனஸ் செருலா. மேற்குச் சீனாவின் மலைகளைச் சேர்ந்தது, திபெத்தியச் செர்ரி என்றும் சொல்வார்கள்.

நான் பார்த்தது குளிர்காலத்தில், ஒரு பூங்காவின் நுழைவாயில் பக்கத்தில், இலை ஒன்று கூட இல்லாமல். அடிமரம் அடர்ந்த செம்பழுப்பு, கைபட்டுக் கைபட்டு மெருகேறிய தேக்குக் கைப்பிடி மாதிரி மினுமினுப்பு. குறுக்கே வெளிர் பழுப்பில் வளையம் வளையமாகக் கோடுகள், எல்லாச் செர்ரிக்கும் உள்ள மூச்சுத் துளைகள்தான், இதில் மட்டும் யாரோ அளந்து போட்டது போலத் தெளிவாக இருக்கும். பட்டை மெல்லிய நாடாவாகக் குறுக்கே உரிந்து ஓரத்தில் சுருண்டு நிற்கிறது, மாலை வெயில் பின்னாலிருந்து வந்தபோது அந்தச் சுருள் ஒவ்வொன்றும் சிவப்பாகப் பற்றி எரிவது போல இருந்தது. போகிற வருகிற எல்லோரும் ஒரு தடவை தடவிவிட்டுத்தான் போகிறார்கள், குழந்தைகளைச் சொல்லவே வேண்டாம். கை எட்டும் உயரம் வரை பளபளப்பும் அதற்கு மேலே கொஞ்சம் பாசியும் அழுக்கும் இருந்ததே அதற்குச் சாட்சி. வீட்டில் வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் ஈரத் துணியால் துடைத்து விடுவதும் இதற்காகத்தான்.

பூ? வரும், சின்னது, வெள்ளை, இலையோடு சேர்ந்து வருவதால் இலைக்குள் ஒளிந்துகொள்ளும். இதைப் பூவுக்காக வாங்குபவர் ஏமாறுவார். காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக அடிமரத்தில் விழுகிற இடம் உங்களுக்கு இருந்தால், சன்னலிலிருந்து அது கண்ணில் பட்டால், மட்டும் வாங்குங்கள்.

இதே ரகத்தில் மாக்கி என்று ஒன்று, மஞ்சூரியா பக்கத்து மரம், பட்டை தேன் நிறம், கடுங்குளிரைத் தாங்கும். அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், ஆகவே வாயை மூடிக்கொள்கிறேன்.

* * *

பட்டைக்காகச் செர்ரியா! செருலா சொன்னவர் மன்னிக்க வேண்டும், எனக்கு அது ஒப்பவில்லை. பட்டைக்கு பிர்ச் வைத்துக்கொள்ளலாமே, செர்ரி என்றால் பூக்க வேண்டும்.

என் ஓட்டு ஆட்டம்னாலிஸுக்கு. ஒரு முதிய தம்பதி வீட்டில் பார்த்தேன், டிசம்பர் மாதம், வேலியோரம் பனி உறைந்து கிடக்கிறது, மொட்டைக் கிளையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்ன வெளிர் ரோஸ் பூ. மரம் முழுக்க மூடிக்கொண்டு பூக்காது, அதை எதிர்பார்க்காதீர்கள். நவம்பரில் தொடங்கி, நடுவில் கடும் பனி வந்தால் நிறுத்திவிட்டு, கொஞ்சம் வெதுவெதுப்பாக நாலு நாள் வந்ததும் மறுபடி பூத்து, இப்படியே மார்ச் வரை இழுத்துக்கொண்டு போகும். விரிந்த பூ பனியில் கருகினாலும் மூடிய மொட்டுகள் மிச்சம் இருக்கும். அந்த வீட்டு அம்மா ஒரு சுள்ளியை மொட்டோடு ஒடித்து தண்ணீரில் வைத்திருந்தார், வீட்டுச் சூட்டில் அடுத்த சில நாளில் எல்லாம் விரிந்துவிடுமாம்.

கான்சான் ஏறக்குறைய இரண்டு வாரம் கொட்டி முழக்கிவிட்டுப் போய்விடும், அதிலும் நடுவில் ஒரு நாள் பலத்த காற்றும் மழையும் வந்தால் அந்த வருடத்துக் கணக்கு முடிந்தது. எனக்கு எதுவுமே பூக்காத மாதத்தில் இருபது பூ கிடைத்தாலும் போதும். அகலம் மட்டும் யோசிக்க வேண்டும், வயதானால் இதுவும் பரந்துவிடும்.

* * *

"வேறு மாதிரி" என்று கேட்டால் உகோன், கியோய்கோ இரண்டையும் யாரும் இன்னும் சொல்லாதது ஆச்சரியம்.

உகோன் வெளிர் மஞ்சள், அதிலே மெல்லிய பச்சைச் சாயல். கேட்க ஆஹா என்று இருக்கும். நேரில் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், முதல் பார்வையில் அழுக்கு வெள்ளை என்றுதான் தோன்றியது. நல்ல நீல வானம் பின்னால் இருந்தால்தான் அந்த மஞ்சள் எடுபடுகிறது, மேகமூட்டத்தில் சோகையாகத் தெரியும். ஆனால் நான் பார்த்த மரத்துக்குக் கீழே ஒரு பெஞ்சு இருந்தது, உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது, செம்பழுப்புத் தளிருக்கு நடுவில் மோர் நிறத்தில் பூ, பழைய பூக்களின் நடுவில் மட்டும் ரோஸ் கசிந்திருக்கிறது. கிட்டே இருந்து பார்க்க வேண்டிய மரம், தெருவில் போகிறவர் திரும்பிப் பார்க்க வைக்கிற மரம் கிடையாது. முன்வாசலுக்கா பின்பக்கத்துக்கா என்று யோசிக்கும்போது இது உதவும்.

கியோய்கோ இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. இதழிலேயே பச்சைக் கோடு, நாளாக ஆக அந்தக் கோட்டின் பக்கத்தில் சிவப்பு ஏறும். இதழில் பச்சையம் இருக்கிறது, இலையில் இருப்பது போன்ற இலைத்துளைகளும் உண்டு. இலையாகவா பூவாகவா என்று முடிவெடுக்காமலேயே நின்றுவிட்ட பூ. 1912-இல் ஜப்பானிலிருந்து வாஷிங்டனுக்கு 3,020 செர்ரி மரங்கள் போயினவே, அதில் கியோய்கோ வெறும் 20, அந்த இருபதையும் வெள்ளை மாளிகை வளாகத்திலேயே நட்டுவிட்டார்கள். (அதற்கு முன் 1910-இல் அனுப்பிய 2,000 மரங்களில் பூச்சியும் நோயும் இருந்ததால் மொத்தமாகக் கொளுத்த வேண்டியதாயிற்று என்பது தனிக் கதை.)

வீட்டுக்கு வருகிறவர்கள் "இது என்ன, பூ வாடிப்போச்சா?" என்று கேட்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தால் வைக்கலாம்.

* * *

5 மீட்டர் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது கோஜோ-நோ-மாய். மரம் என்று சொல்வதே அதிகம், புதர்தான், பல வருடம் கழித்தும் இரண்டு இரண்டரை மீட்டர். சுள்ளிகள் கோணல்மாணலாக, ஒவ்வொரு கணுவிலும் திசை மாறி வளரும், அதனால் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும்போதும் பார்க்க ஏதாவது இருக்கும். மார்ச்சில் வெளிர் ரோஸ் கலந்த வெள்ளைப் பூ, இலையுதிர் காலத்தில் இலை சிவக்கும். எங்கள் மாடியில் பெரிய தொட்டியில் இருக்கிறது. தொட்டியில் வைத்தால் கோடையில் ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் இலை ஓரம் காய்ந்துவிடும், அது ஒன்றுதான் இம்சை.

* * *

மரம் கவாத்து செய்வதும் ஒட்டுக் கட்டுவதும்தான் என் தொழில். எல்லோரும் பூவைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், நான் முழங்காலுக்குக் கீழே இருப்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

கடையில் வாங்கும் அலங்காரச் செர்ரி கிட்டத்தட்ட எல்லாமே ஒட்டுமரம். மேலே நீங்கள் விரும்பிய ரகம், கீழே வேறொரு செர்ரியின் வேர், பெரும்பாலும் காட்டுச் செர்ரியான ஏவியம் அல்லது கோல்ட் என்கிற வேர்ரகம். ஏவியம் வேர் முரட்டு ஆள், மேலாகவே ஓடும், புல்தரையில் புடைத்துக்கொண்டு வெளியே வரும், நடைபாதைக் கல்லையும் தூக்கும். வாங்கும்போது எந்த வேர் என்று கேளுங்கள், தெரியாது என்று சொல்கிற இடத்தில் வாங்காதீர்கள்.

அடுத்து, ஒட்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தரையோடு ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆளுயரத்தில் ஒட்டியிருந்தால் வருடம் போகப் போகக் கீழ்த்தண்டு ஒரு பருமனும் மேலே வேறு பருமனுமாக வீங்கி நிற்கும். இதை நான் ஒரு தொங்கும் செர்ரியில் பார்த்தேன், கிகு-ஷிதாரே, அடர் ரோஸ் அடுக்குப் பூ, ஏப்ரலில் தரை தொடப் பூத்துக் குலுங்கும், ஆனால் ஒட்டு 1.5 மீட்டரில். அந்த வீட்டுக்காரர் "மரம் வளரவே மாட்டேன் என்கிறது" என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். அது எப்படி வளரும், தொங்கும் ரகத்தை எந்த உயரத்தில் ஒட்டினார்களோ அங்கிருந்து கீழேதான் வரும், ஒரு கிளையைக் குச்சி கட்டி நிமிர்த்தி விட்டால்தான் கொஞ்சம் மேலே போகும். உயரமாக வேண்டும் என்றால் வாங்கும்போதே உயரத்தில் ஒட்டியதைத்தான் வாங்க வேண்டும். அதே மரத்தில் ஒட்டுக்குக் கீழிருந்து நேராக ஒரு கிளை கிளம்பி, வெள்ளை ஒற்றைப் பூ பூத்துக்கொண்டிருந்தது, ஒரே மரத்தில் இரண்டு நிறம் என்று பெருமையாகக் காட்டினார். அது வேர்ரகத்தின் கிளை, விட்டால் மேலே உள்ளதை முழுங்கிவிடும், அடியோடு பிய்த்து எடுத்துவிட்டேன். அவருக்கு வருத்தம்தான்.

கவாத்து குளிர்காலத்தில் செய்யவே செய்யாதீர்கள். ஆப்பிளுக்குச் செய்கிற பழக்கத்தில் செர்ரிக்கும் செய்துவிடுகிறார்கள். வெள்ளி இலை நோய்ப் பூஞ்சையின் வித்துகள் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் ஈரக்காற்றில் பரவும், வெட்டுக்காயம் கிடைத்தால் உள்ளே போய்விடும். பாக்டீரியா வடுநோயும் அப்படித்தான். நடுக் கோடையில், காய்ந்த நாளில், கொஞ்சமாக. தண்டில் பிசின் ஒழுகினால் பதற வேண்டாம், செர்ரி எதற்கும் பிசின் விடும், ஆனால் அதைச் சுற்றிப் பட்டை உள்வாங்கிக் கறுத்திருந்தால் கவனியுங்கள்.

இன்னொன்று, பூ இல்லாமல் இலையோடு மட்டும் விற்கிறார்கள் என்றால், அது செர்ரிதானா என்று அறிய இலைக்காம்பைப் பாருங்கள். காம்பு இலையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே சிவப்பாக இரண்டு சின்னக் குமிழ் இருக்கும், தேன் சுரக்கும், எறும்பு வரும். அது இருந்தால் செர்ரியாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் பீச் போன்ற அதன் உறவு மரங்களிலும் இது உண்டு. எந்த ரகம் என்பதை அது சொல்லாது, அதற்குப் பூக்கும்போது நேரில் போவது ஒன்றே வழி.

* * *

பனியே பார்க்காத சமவெளியில் இருக்கிறவர்களுக்கு ஏதாவது வழி உண்டா? ஆன்லைனில் கன்று விற்கிறார்கள், படத்தில் ரோஸ் மழையாக இருக்கிறது.

* * *

மேலே கேட்டவருக்கு: காசைக் கரியாக்காதீர்கள். பெரும்பாலான செர்ரி மொட்டுக்கு 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும், இல்லாவிட்டால் உறக்கம் கலையாது. இலை ஏதோ வரும், பூ வராது, இரண்டொரு வருடத்தில் மரமும் போய்விடும். குறைந்த குளிர் போதும் என்கிற ரகங்கள் இருக்கின்றன. கம்பானுலாட்டா ஒன்று, தைவான் பக்கத்து மரம், மணி மணியாகத் தலைகீழாகத் தொங்கும் அடர் சிவப்பு ரோஸ் பூ, ஒகினாவாவில் ஜனவரியிலேயே பூப்பது இதுதான். இன்னொன்று நம் இமயமலைச் செர்ரி, செரசாய்டிஸ், ஷில்லாங்கில் நவம்பரில் பூக்கிறதே அது. வசந்தத்தில் பூக்கிற மற்றவற்றைப் பார்த்துவிட்டு இது இலையுதிர் காலத்தில் பூத்து நிற்பதைப் பார்ப்பது விசித்திரமாகத்தான் இருந்தது, மரம் முழுக்கத் தேனீ இரைச்சல். இதுவும் மலைப்பாங்கான இடத்துக்குத்தான், சமவெளி வெயிலுக்கு இல்லை.

தேனீ என்றதும் ஒன்று. கான்சான் போன்ற அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாள்களே இதழாக மாறிவிட்டதால் தேனீக்கு அங்கே வேலை இல்லை. தைஹாக்கு, செருலா, இமயமலைச் செர்ரி மாதிரி ஒற்றைப் பூக்களில்தான் கூட்டம். எனக்கு அது ஒரு பெரிய விஷயம், உங்களுக்கு எப்படியோ.

* * *

கேள்வி கேட்டவன் மறுபடி வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. செருலாவா ஆட்டம்னாலிஸா என்று வீட்டில் ஒரு சுற்றுச் சண்டை முடிந்துவிட்டது, இரண்டுமே அகலத்தில் அடிபட்டுப் போயின. இப்போது மிச்சம் என் பட்டியலில் இருந்த அமனோகவா, ஸ்பயர், அப்புறம் இங்கே சொன்ன கோஜோ-நோ-மாய். கோஜோவை எப்படியும் தொட்டியில் வைத்துவிடுவேன். மற்ற இரண்டில் முதிர்ந்த மரத்தை யாராவது பார்த்ததுண்டா? அட்டையில் இரண்டுமே கம்பம் மாதிரி நேராக நிற்கின்றன, நம்ப முடியவில்லை.

* * *

இரண்டையும் பார்த்திருக்கிறேன், நம்பாதது நல்லது.

அமனோகவா சின்ன வயதில் நிஜமாகவே கம்பம்தான், பூவும் கிளையோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கும், வெளிர் ரோஸ், லேசாக மணமும் உண்டு. வயதானதும் வெளிக்கிளைகள் பூவின் கனத்திலும் மழையிலும் சரியத் தொடங்கும், நான் பார்த்த மரத்தின் நடுவில் கம்பி கட்டி இழுத்து வைத்திருந்தார்கள், கோடையில் இலை மூடியதால் தெரியவில்லை, குளிர்காலத்தில் அசிங்கமாக இருந்தது. ஸ்பயர் மேலே போகப் போக விரியும், அடி குறுகலாகவே நிற்கும், 8 மீட்டர் உயரம் வரை போகும். பூ அமனோகவா அளவுக்குக் கண்ணைப் பறிக்காது, ஒற்றை, மெல்லிய ரோஸ், கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடும். ஆனால் அதன் ஒரு பெற்றோர் சார்ஜென்ட் செர்ரி, அந்தச் சொத்து இலையுதிர் காலத்தில் தெரியும், மரம் முழுக்கச் சிவப்பு, அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் இதன் பெயரையே விசாரித்தேன். நடைபாதையில் நடப்பவர் தலையில் கிளை இடிக்காது என்பதும் இதற்குச் சாதகம்.

என்னைக் கேட்டால் ஸ்பயர். வெறும்வேர்க் கன்றாக, அதாவது மண் இல்லாமல் வேரோடு மட்டும் வருவதாக, நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் நடலாம், தொட்டிக் கன்றை விட மலிவு. நடைபாதையிலிருந்து குறைந்தது இரண்டரை மீட்டராவது தள்ளி வையுங்கள், சன்னல் பக்கம் கொஞ்சம் நெருங்கினாலும் பரவாயில்லை, இலை உதிர்ந்த பிறகு வெளிச்சம் வந்துவிடும். நாய் வளர்க்கிறீர்கள் என்றால் மட்டும் உதிர்ந்த இலையையும் ஒடித்த சுள்ளியையும் உடனே கூட்டி எடுத்துவிடுங்கள். செர்ரி இலையும் சுள்ளியும் கொட்டையும் சயனைடு விடும், வாடிய இலையில் இன்னும் அதிகம்.